கேட்டுக்கு உள்ளே ரேணுகா மேம்

சென்னீர்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் இன்டர்நேஷனல் பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே என் வேலை போய்விடும். முன் அலுவலகத்தில் கண்ணாடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிற பெற்றோரை வரவேற்று, அட்மிஷன் ஃபைல்களை உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பதுதான் என் உத்தியோகம். என் பெயர் ராணி. அதற்கு மேல் என்னைப் பற்றித் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. நான் சொல்ல வந்தது எங்கள் கணக்கு டீச்சர் ரேணுகாவைப் பற்றி. அவள் தன் மகளுக்குக் கட்டணச் சலுகை வாங்கப் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு படபடக்கும். கூடவே சிரிப்பும் வந்து தொலைக்கும்.

முதலில் இந்தச் சலுகை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியர் ஒரு வருடம் வேலை பார்த்து நிரந்தரமாகிவிட்டால், அவருடைய ஒரு குழந்தைக்குப் படிப்புக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. அந்தக் குழந்தைகளுக்கு ‘ஸ்டாஃப் வார்டு’ என்று பெயர். வெளியிலிருந்து வரும் பெற்றோர் எங்கள் கட்டணத்தைக் கேட்டதும் என் மேசைமேல் இருக்கும் தண்ணீர் பாட்டிலைத் தேடுவார்கள். டீச்சர்களின் சம்பளத்தை அப்படியே மொத்தமாகக் கட்டினாலும் அது ஒரு மூலைக்கு வராது. அதனால் வேலை கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் ‘ஸ்டாஃப் வார்டு உண்டா?’ என்றுதான் கேட்பார்கள். ரேணுகாவும் அப்படிக் கேட்டு வந்தவள்தான்.

அவள் ஆவடி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். சங்கு ஊதினால் எழுந்திருக்க வேண்டும், சங்கு ஊதினால் சாப்பிட வேண்டும், அடையாள அட்டை இல்லாவிட்டால் பெற்ற அப்பனையே உள்ளே விடாத இடம். அங்கே வளர்ந்த பெண்ணுக்கு விதி என்றால் வேதம். வேலையில் சேர்ந்த முதல் நாளே என்னிடம் வந்து, "அக்கா, இங்க மாடிப்படியில இடது பக்கமா ஏறணுமா, வலது பக்கமா?" என்று கேட்டாள். பத்து வருடமாக அந்தப் படியில் ஏறி இறங்குகிறேன். அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்கு முன் கொரட்டூரில் ஒரு சின்னப் பள்ளியில் இருந்தாள். அங்கே கணக்கும் அவள்தான், அறிவியலும் அவள்தான், வேன் வராத நாளில் பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவதும் அவள்தான், ஆண்டு விழாவில் மயில் வேஷம் போட்ட பிள்ளைக்கு மை தீட்டுவதும் அவள்தான். அந்தப் பள்ளியில் வேலை பார்த்தவளுக்கு எங்கள் பள்ளி இந்திரலோகம். வகுப்பறையில் ஏசி ஓடுவதைப் பார்த்துவிட்டு, "எனக்குக் குளிருது, ஆனா சந்தோஷமா குளிருது அக்கா" என்றாள்.

பாடம் நடத்துவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆறாம் வகுப்பு பி பிரிவுக்குப் பின்னம் நடத்த ஒரு நாள் கேன்டீனிலிருந்து நாலு தோசையை வாங்கிக்கொண்டு போனாள். பாடம் முடிந்தபோது தோசையும் முடிந்திருந்தது. அந்தப் பசங்கள் அவள் பின்னாலேயே வராந்தாவில் வால் பிடித்துக்கொண்டு திரிவார்கள். "ரேணுகா மேம், ரேணுகா மேம்" என்று நாள் முழுக்க ஒரே சத்தம். என் மேசைவரை கேட்கும்.

நானும் அவளும் திருவேற்காட்டில் ஒரே அடுக்ககம். அவள் ஏ பிளாக், நான் பி பிளாக். காலையில் ஒன்றாகத்தான் ஷேர் ஆட்டோ பிடிப்போம். மெட்ரோ தூண்களுக்கு அடியில் தூசியைத் தின்றுகொண்டு போகும்போது அவள் பேச்சு முழுக்க மகளைப் பற்றித்தான். மகள் அகல்யாவுக்கு எட்டு வயது. நாங்கள் கிளம்பும்போது அது தூங்கிக்கொண்டிருக்கும். எழுப்பி, சோறு ஊட்டி, பக்கத்துத் தெருப் பள்ளியில் கொண்டுபோய் விடுவதெல்லாம் அப்பா பூபாலன்தான். பூபாலனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தர ஆய்வாளர். ஒரு பொருளைக் கையில் கொடுத்தால், அது எங்கே உடையும் என்று தேடுவதுதான் அவருக்குத் தொழில். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எல்லா வினையும் அங்கிருந்துதான் கிளம்பியது.

ரேணுகா நிரந்தரமான நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல்வர் பத்மா மேடம் அறையிலிருந்து வெளியே வந்தவள், வராந்தாவில் ஓடக் கூடாது என்ற விதியை நினைத்து நடந்தாள். நடந்தாள் என்றா சொன்னேன்? அதற்கு ஓட்டம் எவ்வளவோ தேவலாம். என் மேசைக்கு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அக்கா, அகல்யா இந்த ஸ்கூல்ல படிக்கப் போறா! நீச்சல் குளம் அக்கா! லேப் அக்கா! மூணாம் மொழி பிரெஞ்சு அக்கா!" என்றாள். எதிரே அட்மிஷனுக்கு வந்து உட்கார்ந்திருந்த ஒரு தம்பதி, இவ்வளவு சந்தோஷமாக ஒரு தாய் சேர்க்கிறாள் என்றால் பள்ளி நல்ல பள்ளிதான் என்று நினைத்துக்கொண்டு அங்கேயே பணத்தைக் கட்டிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அவள் ஏ பிளாக், பி பிளாக் இரண்டிலும் வீடு வீடாக ஜிலேபி கொடுத்தாள்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. ஸ்டாஃப் வார்டு என்றாலும் மற்றப் பிள்ளைகளைப் போல ‘இன்டராக்ஷன்’ உண்டு. அதாவது முதல்வர் முன்னால் உட்கார்ந்து கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். வெளிப் பிள்ளைகளுக்கு அம்மா அப்பா கூட உட்காரலாம். ஸ்டாஃப் பிள்ளைகளுக்கு அது கிடையாது. சலுகையாகப் போய்விடுமாம்!

எங்கள் பள்ளியில் எழுதாத சட்டம் இன்னொன்று இருக்கிறது. கேட்டுக்கு உள்ளே வந்துவிட்டால் எந்த டீச்சரும் எந்தப் பிள்ளைக்கும் அம்மா இல்லை. சொந்தப் பிள்ளையாக இருந்தாலும் ‘மேம்’ என்றுதான் கூப்பிட வேண்டும். எப்போதோ ஒரு பெற்றோர், டீச்சர் பிள்ளைக்கு மட்டும் மடியில் உட்கார வைத்து மார்க் போடுகிறார்கள் என்று புகார் கொடுத்ததிலிருந்து இந்தக் கூத்து. இயற்பியல் டீச்சரின் மகன் வராந்தாவில் நின்று, "மேம், என் டிபன் பாக்ஸ் உங்க பையில இருக்கு மேம்" என்று கேட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். நாலு மணிக்குப் பள்ளி விட்ட பிறகும் அம்மாக்கள் நோட்டுத் திருத்தி முடிக்கும்வரை ஸ்டாஃப் பிள்ளைகள் எல்லாம் ஓவிய அறையில் காத்துக் கிடக்கும். அங்கேயும் மேம்தான்.

மற்ற டீச்சர்கள் இதை ஏதோ போனால் போகிறதென்று கடைப்பிடிப்பார்கள். ரேணுகா அப்படியா? வீட்டிலேயே பயிற்சி ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். ஹாலுக்கும் பால்கனிக்கும் நடுவே தரையில் ஒரு துப்பட்டாவை நீட்டிப் போட்டிருந்தார்கள். ஹால் பள்ளிக்கூடம். பால்கனி வெளியுலகம். துப்பட்டாதான் கேட். பால்கனியில் நின்று "அம்மா, பசிக்குது" என்று சொன்ன அகல்யா, துப்பட்டாவைத் தாண்டி ஹாலுக்குள் கால் வைத்ததும், "குட் மார்னிங் ரேணுகா மேம்" என்றது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சிரிக்காதீங்க அக்கா" என்றாள் ரேணுகா. மகள் பக்கம் திரும்பி, "ஒரு தடவை வாய் தவறி அம்மான்னு சொன்னாலும் சீட்டு போச்சு. புரியுதா?" என்றாள். குழந்தை முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு தலையாட்டியது.

அதோடு விட்டார்களா? தர ஆய்வாளர் சும்மா இருப்பாரா? பொருள் உடைகிறதா என்று சோதிக்க வேண்டாமா? பூபாலன் விதவிதமாகப் பொறி வைத்தார். நான் இருக்கும்போதே சோபாவிலிருந்து எழுந்து, "ஐயோ, அம்மாவுக்கு மயக்கம் வருதுடி! சீக்கிரம் அம்மான்னு கூப்பிடு, அப்பதான் முழிப்பாங்க" என்று கத்தினார். ரேணுகாவும் கண்ணை மூடிச் சரிந்தாள். அகல்யா பக்கத்தில் போய்க் குனிந்து, "மேம், தண்ணி வேணுமா மேம்?" என்றது.

"சூப்பர்! சோதனை முடிஞ்சுபோச்சு. இனிமே அம்மான்னு சொல்லலாம்" என்றார் பூபாலன்.

"நோ சார். இன்னும் ஹால்லதான் இருக்கோம்" என்றது குழந்தை.

கெட்டிக்கார அப்பனுக்குப் பிறந்த படு கெட்டிக்காரி. பூபாலன் அவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். ஜெயித்ததற்கு ஐஸ்கிரீம். ஒரு மாதம் இதே விளையாட்டு. அவர் வைக்காத பொறி இல்லை, அது தப்பிக்காத பொறியும் இல்லை.

இன்டராக்ஷன் நாள் வந்தது. ஏப்ரல் வெயில் காலையிலேயே மண்டையைப் பிளந்தது. ரேணுகா மாம்பழ நிறத்தில் ஒரு பருத்திப் புடவை கட்டியிருந்தாள். பூபாலன் லீவு போட்டுவிட்டு மகளை பைக்கில் கூட்டிக்கொண்டு வந்தார். காவலாளி தங்கவேல் கேட்டைத் தள்ளித் திறந்தான். அகல்யா, கேட் ஓடுவதற்குத் தரையில் பதித்திருக்கும் இரும்புத் தண்டவாளத்தைக் கவனமாகப் பார்த்துத் தாண்டி உள்ளே வந்தது. வராந்தாவில் நின்ற ரேணுகாவைப் பார்த்து, யாரோ எவரோ மாதிரி, "குட் மார்னிங் மேம்" என்று சொல்லிவிட்டு நேராக என் மேசைக்கு வந்து உட்கார்ந்தது. ரேணுகா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தாள். அந்தப் பெருமையைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

ஃபைலை எடுத்துக்கொண்டு குழந்தையை நான்தான் உள்ளே அழைத்துப் போனேன். அங்கேயே ஓரமாக நின்றுகொண்டேன். உள்ளே இரண்டு பேர். பத்மா மேடம் ஒருவர். நிர்வாக அதிகாரி ஹேமநாதன் இன்னொருவர். ஹேமநாதனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருடம் ஒரு டீச்சர், தன் அக்கா மகளைச் சொந்த மகள் என்று சொல்லிச் சலுகையில் சேர்த்துவிட்டாள். பிறப்புச் சான்றிதழ்கூடப் பக்காவாக அடித்துக் கொண்டுவந்திருந்தாள். ஆறு மாதம் கழித்து விஷயம் வெளியே வந்து, அந்த டீச்சர் வேலையை விட்டுப் போனாள். நிர்வாகத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் ஹேமநாதன். அன்றிலிருந்து மனிதர், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிற கதைதான்.

அகல்யா அட்டகாசமாகப் பதில் சொன்னது. கணக்கு கேட்டார்கள், சொன்னது. ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னார்கள், தண்ணீர் பட்ட பாடாகப் படித்தது. பத்மா மேடம் அசந்துபோனார். பேச்சு எல்லாம் ஆங்கிலத்தில்தான். நான் தமிழில் சொல்கிறேன்.

"ரொம்ப நல்லாச் செஞ்சே. கடைசியா ஒரு கேள்வி. உன் அம்மாவைப் பத்திச் சொல்லு" என்றார் மேடம், கிளம்பும் நேரத்தில் சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல.

குழந்தை உஷாரானது. பிறகு, "இங்க எனக்கு அம்மா இல்ல மேம்" என்றது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹேமநாதன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரேணுகா மேடம் உனக்கு யாரும்மா?"

"மேத்ஸ் மேம், சார்."

"உன்னை யார் கூட்டிட்டு வந்தது?"

"அப்பா."

"ரேணுகா மேடத்தை வீட்ல பாத்திருக்கியா?"

குழந்தை அவரைச் சந்தேகமாகப் பார்த்தது. அதற்குப் புதுப் பொறி ஒன்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. "வீட்டு விஷயம் இங்க பேசக் கூடாது சார்" என்றது.

ஹேமநாதன் ஃபைலை மூடினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. நான் முந்திக்கொண்டு, "சார், அது அவங்க சொந்தப் பொண்ணுதான் சார். எனக்கு நல்லாத் தெரியும். பக்கத்து பிளாக்லதான் இருக்கேன்" என்றேன்.

"போன வருஷமும் பக்கத்து வீட்டுக்காரங்க இதையேதான் சொன்னாங்க" என்றார் அவர். "காகிதத்தை யார் வேணும்னாலும் அடிச்சிட்டு வரலாம். குழந்தை பொய் சொல்லாது."

ரேணுகாவைக் கூப்பிட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் பேயறைந்த மாதிரி நின்றாள். பிறகு கொஞ்சம் தெளிந்து, சிரிக்க முயன்று, மகள் முன்னால் குனிந்தாள். "அகல்யா, பரவாயில்லடா. இப்ப சொல்லலாம். நான் யாரு?"

"ரேணுகா மேம்."

"இல்லடி. நெஜமாத்தான் சொல்றேன். அம்மான்னு சொல்லு."

அகல்யா உதட்டை இறுக்கிக்கொண்டு, இல்லை என்று தலையாட்டியது. முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு. யார் கிட்ட என்கிற மாதிரி.

வெளியே காத்திருந்த பூபாலனை அழைத்து வந்தேன். அவர் வந்த வேகத்தில், "குட்டி, சோதனை முடிஞ்சுபோச்சுடா! அம்மான்னு கூப்பிடு!" என்றார். தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது எனக்கு. வீட்டில் எந்த வார்த்தையைச் சொல்லிப் பொறி வைத்தாரோ அதே வார்த்தை! அப்பாவும் வந்து அதையே சொன்னதும் குழந்தைக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்துவிட்டது. இது பொறியேதான். "நோ சார்" என்றது அழுத்தம் திருத்தமாக.

"சார்?" என்றார் ஹேமநாதன். "அப்பாவையும் சார்னுதான் கூப்பிடுமா?"

பூபாலன் விளக்கம் சொல்ல வாயெடுத்தார், ஹேமநாதன் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"மேடம், இதை நான் நிர்வாகத்துக்கு எடுத்துட்டுப் போகணும்" என்றார் ஹேமநாதன். "சலுகை அப்புறம். முதல்ல உங்க வேலை விஷயமே பேசணும்."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே வாய்க்குள் போனதையே பிடுங்கப் பார்க்கிறார்கள். ஒரு விதி தவறாமல் வாழ்ந்தவள் அவள். அவளைத் திருடி என்கிறார்கள், அதுவும் பெற்ற மகள் சாட்சியில். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹேமநாதன் மேல் அந்த ஃபைலை எறிந்திருப்பேன். என் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே, அதனால் எறியவில்லை.

ரேணுகா மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். திடீரென்று அவள் முகம் மாறியது. அகல்யாவின் கையைப் பிடித்தாள். விறுவிறுவென்று அறையை விட்டு வெளியே நடந்தாள்.

"மேடம், எங்க போறீங்க?" என்று ஹேமநாதன் பின்னாலேயே ஓடினார். அவர் பின்னால் பத்மா மேடம். அவர் பின்னால் பூபாலன், ஃபைலோடு நான். வராந்தா, படி, விளையாட்டு மைதானம். ஆறாம் வகுப்பு பி பிரிவு மொத்தமும் ஜன்னலில் தொற்றிக்கொண்டு, "ரேணுகா மேம்! ரேணுகா மேம்!" என்று கத்தியது. ரேணுகா இப்போது உண்மையாகவே ஓடிக்கொண்டிருந்தாள். "மேம், கையை விடுங்க மேம், எல்லாரும் பாக்கறாங்க" என்று அகல்யா இழுபட்டுக்கொண்டே போனது.

கேட்டில் தங்கவேல் குறுக்கே வந்தான். பள்ளி நேரத்தில் அனுமதிச் சீட்டு இல்லாமல் டீச்சர்கள் வெளியே போகக் கூடாது.

"இன்னா மேடம், இந்த டைம்ல வெளிய போறீங்கோ? கேட் பாஸ் கீதா?"

"இல்ல. கேட்டைத் தொற" என்றாள் ரேணுகா.

"பாஸ் இல்லாம எப்டி மேடம்? ஹேமநாதன் சார் என்னை வுட்டு வைப்பாரா?"

"தொறன்னு சொல்றேன்ல!"

அந்தப் பெண் குரல் உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தங்கவேல் தானாகக் கேட்டைத் தள்ளினான்.

வெளியே நெடுஞ்சாலை. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. எதிர் டீக்கடையில் வடை வெந்துகொண்டிருந்தது. ரேணுகா முதலில் தாண்டினாள். அகல்யா தண்டவாளத்துக்கு முன்னால் நின்று கீழே பார்த்தது. ஒரு காலைத் தூக்கி வெளியே வைத்தது. இன்னொரு காலையும் தூக்கி வைத்தது. இரண்டு காலும் வெளியே வந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துக்கொண்டது.

பிறகு, "அம்மாஆஆ!" என்று ஒரே பாய்ச்சல். ரேணுகாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. "நான் பாஸாம்மா? நான் ஒரு தடவைகூடச் சொல்லலம்மா! அந்த சார் எவ்ளோ தடவை கேட்டாரு தெரியுமா? அப்பாகூட வந்து கேட்டாரு. நான் சொல்லவே இல்ல!"

ரேணுகா சாலையோர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாம்பழ நிறப் புடவை, அந்தப் புழுதியில். மகளை மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். பூபாலன் கேட்டுக்குள்ளேயே நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். டீக்கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னாக்கா நடக்குது இங்க?" என்று தங்கவேல் என்னிடம் கேட்டான்.

"பரீட்சை" என்றேன்.

பூபாலன்தான் தட்டுத் தடுமாறித் துப்பட்டாக் கதையைச் சொன்னார். பத்மா மேடம் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹேமநாதன் சிரிக்கவில்லை. மனிதர் கேட்டைத் தாண்டி வெளியே வந்தார். அவருக்கும் பாஸ் கிடையாது, தங்கவேல் கேட்கவும் இல்லை. குழந்தை முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"ஏம்மா, உன் அம்மாவே சொல்லச் சொன்னாங்களே. அப்பவும் ஏன் சொல்லல?"

"தப்பா சொன்னா சீட்டு போயிடும் சார்."

"இந்த ஸ்கூல் உனக்கு அவ்வளவு புடிச்சிருக்கா? நீச்சல் குளம் பாத்தியா?"

"நான் பாக்கலையே சார்."

"அப்ப எதுக்கு இந்த ஸ்கூல்?"

அகல்யா அம்மாவின் மடியில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, இதுகூடத் தெரியாதா என்பதுபோலச் சொன்னது: "அம்மா இங்கதானே சார் இருக்காங்க. நான் எழுந்திருக்கறதுக்குள்ள இங்க வந்துடறாங்க. வீட்டுக்கு வந்தா நோட்டு திருத்தறாங்க. இங்க இருக்கற பசங்க எல்லாரும் பகல் பூரா அவங்களைப் பாக்கறாங்க. இங்க சேந்தா நானும் பாப்பேன்ல. மேம்னு கூப்ட்டாக்கூடப் பரவால்ல."

ரேணுகாவின் அழுகை நின்றுவிட்டது. ஒரு வருடமாக அவள் என்னிடம் ஆட்டோவில் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. நீச்சல் குளம், லேப், பிரெஞ்சு. ஒரு நாளாவது மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அவளுக்கே அது தோன்றியிருக்காது. மகளை ஏதோ முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அம்மாதான்டி நான்" என்றாள் மெதுவாக. "எங்க இருந்தாலும் அம்மாதான்."

ஹேமநாதன் எழுந்தார். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டார். என் கையிலிருந்த ஃபைலை வாங்கி, அதைக் கேட்டின் கம்பிமேல் வைத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். "மன்னிச்சிக்கோங்க மேடம்" என்று ரேணுகாவிடம் சொன்னார். அவர் யாரிடமும் அந்த வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. அடுத்த பீரியட் ஆறாம் வகுப்பு பி. ரேணுகா பழக்கதோஷத்தில் சட்டென்று எழுந்து புடவையைத் தட்டினாள். கேட்டைப் பார்த்தாள், தன் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்த மகளின் கையைப் பார்த்தாள்.

"நீங்க உள்ள வராதீங்க ரேணுகா" என்றார் பத்மா மேடம். "அந்த கிளாஸை நான் பாத்துக்கறேன். நீங்க கொஞ்ச நேரம் வெளியிலேயே இருங்க."

ரேணுகா மறுத்துப் பேசவில்லை. நாங்கள் உள்ளே வந்தோம். தங்கவேல் கேட்டை இழுத்துச் சாத்தினான். கம்பி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். மூன்று பேரும் எதிர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அகல்யா நடுவில். ஒன்றுமில்லாததற்கெல்லாம் "அம்மா, அம்மா" என்று அது கூப்பிடுவது லாரிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ரேணுகா ஒவ்வொரு தடவையும் "என்னடி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.